குளத்தில் ஆகாயத்தாமரையைக் கணக்கெடுக்கும் முறை

கணக்கெடுப்பில் இறங்குமுன் மாணவர்கள் செடியை அடையாளம் காணப் பழக வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரையின் இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பியிருக்கும். கிள்ளிப் பார்த்தால் உள்ளே பஞ்சுபோன்ற காற்றறைகள் தெரியும். நம் அல்லியும் தாமரையும் சேற்றில் வேரூன்றுபவை. அவற்றை ஒருபோதும் பிடுங்கக் கூடாது.

1 மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டமொன்றைப் பிவிசி குழாயில் செய்து, கரையோரமாக 10 மீட்டருக்கு ஒரு முறை நீரில் மிதக்கவிட்டு, அதற்குள் செடி மூடியுள்ள பரப்பை இருவர் தனித்தனியே விழுக்காட்டில் மதிப்பிட்டு, இடம், நாள், ஒளிப்படத்துடன் பதிவுசெய்ய வேண்டும். செடியே இல்லாத இடத்தில் 0 என்று எழுதத் தவறக் கூடாது; பலரும் விட்டுவிடும் இந்தச் சுழியம்தான் அடுத்த ஆண்டு பரவலைக் காட்டித்தரும்.

ஆசிரியர் உடனில்லாமல் யாரும் நீரில் இறங்க வேண்டாம். ஒடிந்த தண்டுத் துண்டிலிருந்தும் புதுச் செடி கிளைக்குமாதலால், திரும்புமுன் செருப்பையும் சட்டத்தையும் அங்கேயே கழுவிவிட வேண்டும்.