சாவி வாங்கும் முன் பாலிசியைப் பிரியுங்கள்: புதிதாகக் கார் வாங்குகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் கார் வாங்கினால் முதலில் பார்ப்பது நல்ல நேரம். ராகு காலம் கழியட்டும் என்று ஷோரூம் வாசலில் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருப்போம். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம், அப்புறம் நேராக வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில். இவ்வளவு நேரம் பார்க்கிற நாம், இன்சூரன்ஸ் பாலிசியில் அச்சடித்திருக்கிற நேரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அதில் யார் பெயர் இருக்கிறது என்பதையும்.

நான் இருப்பது கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை, தேனி மாவட்டத்துக் கூடலூர். லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி, அங்கிருந்து கேரளா. கட்டப்பனைப் பக்கம் விலை சல்லிசாக வருகிறது என்று கே.எல். நம்பர் வண்டி வாங்கி வருவது இங்கே சாதாரணம். நானும் அப்படித்தான் ஒரு பழைய ஆல்ட்டோ வாங்கினேன். விற்ற சேட்டன் நல்ல மனிதர். "ஃபுல் இன்சூரன்ஸ் உண்டு, பேடிக்கேண்டா" (பயப்பட வேண்டாம்) என்றார். இருந்தது, பொய் இல்லை. ஆனால் அது அவருடைய பெயரில் இருந்தது.

எட்டாம் நாள் குமுளி மலைப்பாதையில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய்க் கைப்பிடிச் சுவரில் இடித்தேன். பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர் என்று முப்பத்தொரு ஆயிரம். க்ளெய்ம் தரமாட்டோம் என்றது கம்பெனி. விற்றவருக்கு இனி அந்த வண்டியில் நஷ்டமும் இல்லை லாபமும் இல்லை, எனக்கோ அவர்களோடு ஒப்பந்தமே இல்லை என்பது அவர்கள் வாதம். திட்டித் தீர்த்தேன். பிறகு சட்டத்தைப் படித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான்.

அந்த முப்பத்தொரு ஆயிரத்துக்குக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: என்ன பாலிசி என்று தெரிந்துகொள்ளுங்கள்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. எம்பரிவாஹன் என்ற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று வரும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். விற்பவரிடம் பாலிசியின் பிடிஎஃப்பை வாங்கிப் படியுங்கள். முதல் பக்கத்திலேயே மூன்றில் ஒன்று எழுதியிருக்கும்.

லயபிலிட்டி ஒன்லி என்றால் நாம் சொல்கிற வெறும் தேர்ட் பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் உயிர்ச்சேதம், காயம், பொருள் சேதத்துக்கு மட்டும். உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது, பொருள் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை. நம் வண்டிக்கு ஒரு பைசா வராது. பேக்கேஜ் அல்லது காம்ப்ரிஹென்சிவ் என்றால் அதுவும், நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜும் சேர்ந்தது. ஊரில் ஃபுல் இன்சூரன்ஸ் என்பது இதைத்தான். மூன்றாவது, ஓன் டேமேஜ் மட்டும் தனியாக வருவது.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழுகிற ஒரு பள்ளம் உண்டு. 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும். சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு டாக்டர் ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. நல்ல விஷயம்தான். ஆனால் கூடவே எடுக்கிற ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். ஆகவே இரண்டு வருடம் ஓடிய காரை வாங்கும்போது "இன்சூரன்ஸ் இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், ஓன் டேமேஜ் ஒரு வருடம் முன்பே முடிந்தும் போயிருக்கலாம். பாலிசியில் இரண்டுக்கும் தனித்தனித் தேதி இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சொந்தக் காரில் உங்களோடு உட்கார்ந்து வருகிற அம்மா, மனைவி, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாரும் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் வரமாட்டார்கள். பேக்கேஜ் பாலிசியில் வருவார்கள். நேஷனல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பாலகிருஷ்ணன் என்பவருக்கும் நடந்த வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குடும்பத்தோடு மலையேறி இறங்குகிற நமக்கு, பழைய வண்டிதானே என்று தேர்ட் பார்ட்டியோடு நிற்பது சரிப்படாது என்பது என் அபிப்பிராயம்.

படி 2: ஷோரூம் கார் என்றால்

ஷோரூமிலேயே இன்சூரன்ஸ் போட்டுத் தருவார்கள். அங்கேதான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே ஒரு விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள், குறைப்பார்கள். தேர்ட் பார்ட்டி கட்டணம் மட்டும் எங்கே போனாலும் ஒன்றுதான், அதை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த அட்டவணையில், 1000 சிசி வரையுள்ள புதுக் காருக்கு மூன்று வருடத்துக்கு 6,521 ரூபாய், 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596. வரி தனி. பேரம் பேச இடம் இருப்பது ஓன் டேமேஜிலும், ஜீரோ டெப் (மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது) போன்ற கூடுதல் சமாச்சாரங்களிலும்தான்.

டெலிவரிக்கு முன் பாலிசியைக் கையில் வாங்கி இவற்றைச் சரிபாருங்கள்.

நேரம்: 'பீரியட் ஆஃப் இன்சூரன்ஸ்' என்ற வரியில் எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து என்று இருக்கும். இன்று மாலை ஐந்து மணிக்கு முகூர்த்தம் வைத்துவிட்டு, பாலிசி நாளை 00:00 மணிக்குத் தொடங்கினால், கோயிலுக்குப் போய்த் திரும்புகிற அந்த முதல் பயணம் இன்சூரன்ஸ் இல்லாத பயணம். நல்ல நேரம் தள்ளிப் போனால் அம்மா கோபிப்பார்கள்தான், பரவாயில்லை.

நம்பர்: பதிவு எண் இன்னும் வந்திருக்காது. அதனால் இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும்தான் அடையாளம். டார்ச் அடித்து வண்டியில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவு எண் வந்ததும் பாலிசியில் சேர்க்கச் சொல்லி எண்டார்ஸ்மென்ட், அதாவது மாற்றத்தைக் கம்பெனி எழுதித் தரும் தாள், வாங்குங்கள்.

பெயர்: நம் ஊர் இனிஷியல் தொல்லை இருக்கிறதே! ஆதாரில் இனிஷியல் பின்னால், லைசென்ஸில் அப்பா பெயர் முழுதாக, பேன் கார்டில் வேறு மாதிரி. 2023 ஜனவரி முதல் பாலிசி எடுக்கவே கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) கட்டாயம் என்பதால் இது அங்கேயே இடிக்கும். ஆர்.சி.யில் எப்படி வரப்போகிறதோ அப்படியே பாலிசியிலும் வரட்டும். கடன் போட்டிருந்தால் பேங்க் பெயரும் இருக்க வேண்டும்.

தற்காலிகப் பதிவில் வண்டியை எடுத்தால் அதன் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் புது பொலிரோ வாங்கினார். தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19-ல் முடிந்தது, நிரந்தரப் பதிவு செய்யவில்லை. அந்த மாதக் கடைசியில் ஜோத்பூரில் வண்டி திருடு போனது. பாலிசி உயிரோடு இருந்தும் பணம் கிடையாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்து நாள் அசட்டை, பத்து வருட வழக்கு.

உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சேர்ப்பார்கள். அது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு, அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் வேலை செய்யும். லைசென்ஸே இல்லாத அம்மா பெயரில் காரை எடுத்துவிட்டு மகன் ஓட்டினால் மகனுக்கு அந்த 15 லட்சம் வராது. ராசி பார்த்து யார் பெயரில் எடுப்பது என்று முடிவு செய்கிறவர்கள் இதையும் பாருங்கள்.

படி 3: பழைய கார் என்றால், வண்டி கைமாறும் நாள்

இங்கேதான் நான் கோட்டை விட்டேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவின்படி, வண்டி கைமாறினால் அதன் இன்சூரன்ஸும் புது உரிமையாளருக்கு மாறியதாகவே கருதப்படும். இதைக் கேட்டுவிட்டுத்தான் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது தேர்ட் பார்ட்டியைப் பற்றி மட்டும். ஓன் டேமேஜ் என்பது கம்பெனிக்கும் ஒரு தனி ஆளுக்கும் இடையிலான ஒப்பந்தம்; கம்பெனி உங்களை ஏற்று எழுதிக் கொடுக்காமல் அது உங்களுக்கு வராது. கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எப்போதோ முடித்துவிட்டது. பாலிசியை மாற்றக் கேட்டு விண்ணப்பிக்க 14 நாள் அவகாசம் என்கிறது சட்டம். அந்த 14 நாளும் உங்கள் வண்டிக்கு முழுப் பாதுகாப்பு என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ஆகவே பணம் கொடுக்கிற அன்றே இதைச் செய்யுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஆர்.சி.யில் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். வண்டி மேல் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்தது என்று பேங்க் கையெழுத்திட்ட படிவம் 35. கேரள வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருவதானால் அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும், அது படிவம் 28. அங்கிருந்தே கம்பெனிக்கோ ஏஜென்ட்டுக்கோ போன் போட்டு, இந்த வண்டியை வாங்கியிருக்கிறேன், என் பெயருக்கு மாற்ற என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். சில கம்பெனிகள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் கொடுத்த ரசீதை ஏற்கும், சில ஆர்.சி. மாறி வரட்டும் என்னும். இரண்டாவது பதில் வந்தால் ஆர்.சி. மாறும்வரை வண்டியைக் கூடியமட்டும் வீட்டிலேயே நிறுத்துங்கள். சும்மா நிற்கிற வண்டியைப் பார்த்தால் கை அரிக்கும், தெரியும்.

விற்கிறவருக்கும் இதில் அவசரம் உண்டு. ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. இதைச் சொல்லிப் பாருங்கள், படிவத்தில் கையெழுத்துப் போட நாளைக்கு வா என்பவர் இன்றைக்கே போடுவார்.

படி 4: பெயர் மாற்றம்

பழைய பாலிசி, ஆர்.சி. அல்லது படிவங்களின் நகல், உங்கள் ஆதார், பேன், விண்ணப்பம், சிறு கட்டணம். வண்டியை நேரிலோ வீடியோவிலோ பார்ப்பார்கள். இதோடு நோ க்ளெய்ம் போனஸ் வித்தியாசம் என்று ஒரு தொகை கேட்பார்கள். ஏமாற்று என்று நினைக்காதீர்கள். அந்த போனஸ் வண்டிக்கு உரியது இல்லை, ஆளுக்கு உரியது. ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய் என்று வையுங்கள். விற்றவர் பல வருடம் க்ளெய்ம் வாங்காததால் 50 சதவீதத் தள்ளுபடியில் 4,000 கட்டியிருப்பார். பாலிசியில் ஆறு மாதம் மிச்சம் இருந்தால், அந்தத் தள்ளுபடியின் மீதிக் காலப் பங்கு 2,000 ரூபாயை நீங்கள் கட்ட வேண்டும். விற்றவர் தன் போனஸைக் கடிதமாக வாங்கி மூன்று வருடத்துக்குள் தன் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

முடிந்ததும் எண்டார்ஸ்மென்ட் என்று ஒரு தாள் வரும். உங்கள் பெயரும், எந்தத் தேதியிலிருந்து என்பதும் அதில் இருக்கும். அது வந்தால்தான் வேலை முடிந்தது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் போடுகிற "முடிஞ்சது சார்" கணக்கில் வராது. பணம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் பொறுப்பு தொடங்காது என்று இன்சூரன்ஸ் சட்டமே சொல்கிறது. தாளில் உள்ள பாலிசி எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பாலிசி ஏற்கெனவே காலாவதியான வண்டியா? அதை ஓட்டி வரவே வேண்டாம், டோவிங் வண்டியில் ஏற்றுங்கள். பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை அபராதம் 4,000. அதுகூடப் பெரிதில்லை. யாரையாவது இடித்துவிட்டால் தீர்ப்பாயம் சொல்கிற தொகையை நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

படி 5: எல்லை தாண்டும்போது

கேரளாவுக்குத் தனி இன்சூரன்ஸ் வேண்டுமா என்று இங்கே நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம், பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும். கே.எல். வண்டிக்கு டி.என். நம்பர் வாங்கியதும் புது நம்பரைப் பாலிசியில் ஏற்றுங்கள், அவ்வளவுதான். பாலிசி, ஆர்.சி., லைசென்ஸ் மூன்றும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹனிலோ இருந்தால் செக்போஸ்ட்டில் காட்டலாம். மலையில் சிக்னல் போகும், அதனால் பிடிஎஃப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த உபயோக வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றாதீர்கள். ஏலத்தோட்டத்துக்குக் காலையில் ஜீப்பில் ஆள் ஏற்றிப் போவது நம் பக்கத்துப் பிழைப்புதான். அதற்கு வாடகை வண்டிக்கான பெர்மிட்டும் பாலிசியும் வேண்டும். சபரிமலை சீசனில் பெட்ரோல் காசோடு மேலே ஏதாவது வாங்கிக்கொண்டு சாமிமார்களை ஏற்றிப் போவதும் அதே கணக்கில்தான் வரும்.

கடைசியாக ஒன்று. பெயர் மாறினாலும் பாலிசி முடிகிற தேதி மாறாது. மூன்று மாதம் மிச்சமுள்ள பாலிசியோடு வாங்கினால் மூன்றே மாதத்தில் புதுப்பிக்க வேண்டும், ஞாபகப்படுத்தும் எஸ்எம்எஸ் விற்றவருடைய போனுக்குத்தான் போகும். எண்டார்ஸ்மென்ட் வாங்கும்போதே உங்கள் மொபைல் எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள். எனக்கு அதையும் கட்டப்பனைச் சேட்டன்தான் போன் செய்து சொன்னார்.