டிஸ்க் தானாக அன்மவுண்ட் ஆகிறதா? ரீஸ்டார்ட் போடாதீர்கள்

உப்புவெளியில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் எனது ஸ்டூடியோ. கல்யாண வீட்டுப் படங்களெல்லாம் உபுண்டு (லினக்ஸ்) கொம்பியூட்டரோடு இணைத்த ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. அது இரண்டு தடவை சொல்லாமல் கொள்ளாமல் கழன்றது, அதாவது அன்மவுண்ட் ஆகி ஃபோல்டரை விட்டுப் போனது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. காட்டிக்கொடுத்தது மட்டும் ஒன்றுதான், லாக், அதாவது கொம்பியூட்டர் தானே எழுதிவைக்கும் குறிப்பு.

அதனால் கழன்றவுடன் ரீஸ்டார்ட் போடாதீர்கள், முதலில் லாக்கைப் பாருங்கள். டெர்மினலில் சூடோ (sudo, நிர்வாகி அனுமதி) சேர்த்து, லாக்கைக் காட்டும் டிமெஸ்க் (dmesg) கட்டளையைக் கொடுங்கள். பெரிய டி ஒப்ஷனும் (-T) போட்டால் வரிக்கு வரி நேரம் தெரியும். டிஸ்க் கழன்ற நேரத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது?

'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்றிருந்தால் சொஃப்ட்வெயரைக் குடையத் தேவையில்லை. கேபிள், போர்ட், மின்சாரம் மூன்றில் ஒன்று. எனக்குக் கேபிள். உப்புக்காற்றில் முனையில் பச்சை பூத்திருந்தது, நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. புதுக் கேபிள் போட்டதும் சரி. பவர் அடப்டர் இல்லாத ஹப்பில் டிஸ்கைச் செருகியிருந்தால் நேரே கொம்பியூட்டரில் செருகிப் பாருங்கள்.

டிஸ்க் கழலாமல் 'ரீட்-ஒன்லி' (வாசிக்கலாம், எழுத முடியாது) ஆகி, லாக்கில் ஐ/ஓ எரர் (I/O error) வரிகள் வரிசையாக நின்றால் டிஸ்கே சாகிறது என்று சந்தேகப்படுங்கள். முதலில் கொப்பி எடுங்கள். டிஸ்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே (fsck) எல்லாம் அப்புறம்.

இரண்டாவது தடவைதான் என்னைப் பைத்தியமாக்கியது. பழைய டிஸ்கை மாற்றி, எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் புது யூயூஐடியை (UUID, டிஸ்கின் அடையாள எண்) எழுதி மவுண்ட் செய்தேன். எரர் எதுவும் வரவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் வெறுமை! டிஸ்கனெக்ட் வரியும் இல்லை. "மச்சான், பேய் கழட்டுதோ?" என்றான் உதவிக்கு வந்த பெடியன். ஜர்னல்-சிடிஎல் (journalctl) என்ற இன்னொரு லாக் கட்டளையில் பார்த்தால், கழற்றியது உபுண்டுவின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்-டி (systemd). அது பூட் ஆகும்போது எஃப்எஸ்டேப்பை வாசித்துத் தன்னிடம் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் அந்த ஃபோல்டர் இன்னும் பழைய டிஸ்குக்கு உரியது. பழையது இல்லை, ஆகவே கழற்று! அந்தக் கணக்கைப் புதுப்பிக்க 'சிஸ்டம்-சிடிஎல் டீமன்-ரீலோட்' (systemctl daemon-reload) என்று சூடோவோடு ஒரு தடவை கொடுத்துவிட்டு மவுண்ட் செய்தேன், நின்றது. எஃப்எஸ்டேப்பில் அந்த டிஸ்கின் வரியில் 'நோஃபெயில்' (nofail) ஒப்ஷனையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் செருகாத நாளில் பூட் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

இன்னொன்று, இதில் நான் நன்றாக அடிபட்டேன். டிஸ்க் கழன்றது தெரியாமல் கொப்பி ஓடினால் படங்கள் அந்த வெற்று ஃபோல்டருக்குள், அதாவது கொம்பியூட்டரின் சொந்த டிஸ்கில் போய் விழும். டிஸ்க் திரும்ப மவுண்ட் ஆனதும் அவை மறைந்துவிடும். இடம் மட்டும் குறைந்திருக்கும். டிஸ்கை அன்மவுண்ட் செய்துவிட்டு அதே ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், அங்கே கிடக்கும்.