டவுட், சஸ்பெக்ட்: ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொண்ட விதம்

பம்பு பராமரிப்புப் பணியில் இருந்தபோது, சீல் (திரவம் வெளியேறாமல் தடுக்கும் அடைப்பு) கசிகிறது என்று எனக்குத் தோன்றியதைத் தெரிவிப்பதற்காக, வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவருக்கு அனுப்பிய அறிக்கையில் 'ஐ டவுட் த சீல் இஸ் லீக்கிங்' என்று எழுதினேன். சீலில் கோளாறில்லை என்று நான் கருதுவதாக அவர் புரிந்துகொண்டு, குழாய் இணைப்புகள் அனைத்தையும் சோதிக்கச் சொன்னதால் இரண்டு நாட்கள் வீணாயின. அது என்னை மிகவும் வருத்தியது.

யோசித்துப் பார்த்தபோது, பிழையின் வேர் நம் 'சந்தேகம்' என்ற சொல்லில் இருப்பது புரிந்தது. 'அவன் வருவது சந்தேகம்தான்' என்னும்போது வரமாட்டான் என்ற பக்கம் சாய்கிறோம். 'அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறேன்' என்னும்போது எடுத்தான் என்ற பக்கம் சாய்கிறோம். ஆங்கிலத்தில் முன்னதற்கு டவுட், பின்னதற்கு சஸ்பெக்ட். டவுட் என்பதன் லத்தீன் மூலம், அம்மொழியில் இரண்டைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. இருமனப்பட்டுத் தயங்குவதே அதன் பொருள்.

அன்றுமுதல் எழுதுவதற்கு முன், 'சந்தேகம்' என்பதை நீக்கிவிட்டு, 'அப்படி இருக்காது என நினைக்கிறேன்', 'அப்படித்தான் இருக்கும் என நினைக்கிறேன்' ஆகிய இரண்டில் எது பொருந்துகிறது என்று பார்க்கிறேன். இருக்காது என்றால் டவுட். இருக்கும் என்றால் சஸ்பெக்ட். விளக்கம் கேட்கும் இடத்தில் நாம் வழக்கமாகச் சொல்லும் 'ஐ ஹேவ் எ டவுட்' என்பதையும் கைவிட்டு, கொஸ்டின் என்றே எழுதுகிறேன்.

அடுத்த அறிக்கையில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கும் என்று தோன்றியதால், 'ஐ சஸ்பெக்ட் த பேரிங் இஸ் வோர்ன்' என்று எழுதினேன். பேரிங்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி அன்று மாலையே பதில் வந்தது.