கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்: சென்னையில் பனோரமா எடுக்க வருவோருக்கு

சென்னை கிழக்கு பார்த்த ஊர். மெரினா கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையின் பழைய கட்டடங்கள் வங்கக் கடலைப் பார்த்தே நிற்கின்றன. காலை வெயில் அவற்றின் முகத்தில் நேராக விழுகிறது. மாலை ஐந்து மணிக்குப் போனால் அதே கட்டடங்கள் இருண்டுபோய், பின்னால் வானம் மட்டும் வெளுத்துக் கிடக்கும். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருவோர் பெரும்பாலும் அந்த மாலை வேளையில்தான் மெரினாவுக்குப் போகிறார்கள். அலையைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு நாளாவது சூரியன் எழுந்த முதல் அரை மணி நேரத்தில் அங்கே இருந்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். இந்த நகரத்தின் மிகச் சிறந்த அகலக் காட்சி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கேமராவைச் சுழற்றிப் பல படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றாக ஒட்டிச் செய்யும் அகலப் படம்தான் பனோரமா.

வடக்கே நேப்பியர் பாலத்தில் தொடங்கித் தெற்கே கலங்கரை விளக்கம் வரை நடந்து செல்லலாம். ராபர்ட் சிசம் வடிவமைத்து 1879இல் முடிந்த செனட் ஹவுஸ், 1870இல் எழுந்த மாநிலக் கல்லூரிக் கட்டடம், 1842இல் பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டு இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், ராணி மேரிக் கல்லூரி என்று வரிசை நீள்கிறது. இந்த முகப்புகளுக்கு மிக அருகில் நின்று கேமராவைச் சுழற்றினால், நேரான கட்டடமும் வில்லாக வளைந்துவிடும். சாலையைக் கடந்து கடற்கரைப் பக்க நடைபாதைக்கு வந்துவிடுங்கள். தூரம் கூடக் கூட வளைவு குறையும். உழைப்பாளர் சிலையை முன்னால் வைத்து எடுக்க விரும்பினால் கூடுதல் கவனம் வேண்டும். அருகில் ஒரு பொருளும் தொலைவில் ஒரு கட்டடமும் சேர்ந்து வரும்போது, நின்ற இடம் சற்று நகர்ந்தாலும் படங்கள் ஒட்டாது.

அதற்குக் காரணம் எளிது. கைபேசியை நீட்டிப் பிடித்து உடம்பைச் சுழற்றும்போது லென்ஸ் ஒரு பெரிய வட்டத்தில் பயணம் செய்கிறது. சுழல வேண்டியது லென்ஸ். நாம் அதைச் சுற்றி நகர வேண்டும். கைபேசியை நெஞ்சருகே ஒட்டிப் பிடித்து, அது நிற்கும் இடம் மாறாமல், சிறு சிறு அடிகளாகக் கால்களை மாற்றிப் பழகுங்கள். தொடங்குவதற்கு முன் நடுவிலுள்ள கட்டடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகளில் வெளிச்சமும் குவியமும் (ஃபோகஸ்) பூட்டப்பட்டுவிடும். இல்லாவிட்டால் வானம் ஒரு முனையில் நீலமாகவும் மறு முனையில் சாம்பலாகவும் வரும்.

தனிக் கேமரா வைத்திருப்போர் அதைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கையாவது மீண்டும் உள்ளடக்கும்படி எடுக்க வேண்டும். ஒளியளவு, குவியம், நிறச் சாயலைச் சரிசெய்யும் வெண்சமநிலை (வைட் பேலன்ஸ்) மூன்றையும் கைமுறையில் நிறுத்திவிடுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டியைக் கழற்றி வையுங்கள். அகலப் படத்தில் அது வானத்தின் ஒரு பகுதியை மட்டும் கருக்கிவிடும். இணைப்பதற்கு ஹூகின் என்ற இலவச மென்பொருளே போதுமானது.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருப்போருக்கு வெயில் என்றால் தெற்கே இருந்து வருவது. சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. 1873இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் நிலையமும் 1913இல் முடிந்த வெண்ணிற ரிப்பன் மாளிகையும் தெற்கு பார்த்தவை. பள்ளி விடுமுறையில் ஜூலையில் வருவோருக்கு அவற்றின் முகப்பில் நேர் வெயில் விழுவதே அரிது. அந்த மாதத்தில் வந்தால், மாலையில் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர், ஜனவரியில் வருவோருக்கு நாள் முழுவதும் நல்ல வெயில் கிடைக்கும்.

அந்த மாலை நேரமும் மிகக் குறுகியது. ஓஸ்லோவிலும் லண்டனிலும் கோடையில் அந்தி நீண்டுகொண்டே போகும். இங்கே சூரியன் மறைந்த இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வானத்தின் நீலம் தீர்ந்துவிடும். முக்காலியை அதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். சூரியோதயம் மே இறுதியில் 5.40 மணியை ஒட்டியும் ஜனவரி இறுதியில் 6.35 மணியை ஒட்டியும் இருக்கும். போகிப் பண்டிகைக் காலையைத் தவிர்த்துவிடுங்கள், புகை மண்டிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை விட்ட மறுநாள் காலை கிடைத்தால் எந்த வேலையையும் தள்ளிவைத்துவிட்டுப் போகலாம். காற்று அவ்வளவு துலக்கமாக இருக்கும். குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பையிலேயே வைத்து அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள்.

மெரினாவுக்குக் காலை என்றால் மயிலாப்பூருக்கு மாலை. கபாலீசுவரர் கோயிலின் தெப்பக்குளம் கோயிலுக்கு மேற்கே இருப்பதால், குளத்தின் மேற்குக் கரையில் மாலை வெயிலை முதுகில் வாங்கி நின்றால் குளமும் மேலக் கோபுரமும் அதன் பின்னால் 1906இல் கட்டிய கீழைக் கோபுரமும் ஒரே படத்தில் அடங்கும். காற்று அடங்கியிருந்தால் நீரில் பிம்பமும் விழும். மெட்ரோ பணிகளுக்கான தடுப்புகள் நகரில் பல இடங்களில் நிற்கின்றன, ஒரு நாள் முன்னதாகவே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

1977இல் செயல்படத் தொடங்கிய மெரினா கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி இருக்கிறது. வயதான பெற்றோரையும் அழைத்துப் போகலாம். நகரத்தை எடுக்கக் காலைப் பார்வை நேரம், கடலையும் மணற்பரப்பையும் எடுக்கப் பிற்பகல். திங்கட்கிழமைகளில் வழக்கமாக மூடியிருக்கும். பரங்கிமலை உச்சியிலிருந்து நகரம் அழகாக விரியும், ஆனால் விமான நிலையத்தையும் சுற்றியுள்ள ராணுவப் பகுதிகளையும் படத்தில் சேர்க்காதீர்கள். தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் உயர் நீதிமன்ற வளாகத்திலும் காவலரிடம் கேட்டுவிட்டே கேமராவை எடுங்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 2022 முதல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது, சுங்கத்தில் பறிபோகும்.

மாமல்லபுரத்துக்கு இருட்டோடு புறப்படுங்கள். அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. ஏறத்தாழ 29 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். காலைச் சாய்வெயிலில்தான் சிற்பங்கள் பாறையிலிருந்து எழுந்து வருகின்றன. இங்கே ஓரிடத்தில் நின்று சுழலாதீர்கள். பாறைக்கு இணையாகப் பக்கவாட்டில் நடந்து, ஒவ்வோர் அடிக்கும் நேராக ஒரு படம் எடுத்து இணைத்தால் யானைகள் சுருங்காமல் முழு உருவில் வரும். தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டை உள்ளவர்களுக்கு இந்தியக் குடிமக்களுக்கான கட்டணமே. அட்டையைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் பல மடங்கு கூடும். முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும், ஆகவே கையில் பிடித்தே எடுக்கப் பழகி வாருங்கள்.

புகழ்பெற்ற இடங்களோடு நிறுத்திவிடாதீர்கள் என்பது என் ஆசை. தாத்தா வீடு இருந்த தெருவை அதே பக்கவாட்டு முறையில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை எடுங்கள். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் பழைய தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகளாகிக்கொண்டிருக்கின்றன. ஞாயிறு அதிகாலையில் வண்டிகள் குறைவு. நீளத் தாளில் அச்சிட்டுத் தெருவில் நெடுநாள் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டு, படத்துக்குக் கீழேயே பென்சிலால் எழுதி வாங்குங்கள். தேதியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.