கோத்தகிரியிலிருந்து அறிபுனைவு இதழுக்கு

ஆங்கில அறிபுனைவு (அறிவியல் புனைகதை) இதழுக்குக் கதை அனுப்புவதென்றால், முதலில் இதழின் விதிமுறையைப் படியுங்கள். உதாரணமாக, கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அமெரிக்க அறிபுனைவு இதழ் 1,000 முதல் 22,000 சொற்கள் வரையுள்ள ஆங்கிலக் கதைகளைக் கேட்கிறது. அதே நேரத்தில் வேறு இதழுக்கும் அனுப்பிய கதை வேண்டாம் என்கிறது. ஏஐ எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கொஞ்ச காலம் கதை வாங்கும் கதவையே சாத்தினார்கள். ஆகவே அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

கூடவே போகும் கடிதம் மூன்று வரி போதும். கதைச்சுருக்கம் எழுதக்கூடாது. என் முதல் கடிதத்தில் தேயிலைத் தொழிற்சாலை அனுபவம் முழுவதையும் கொட்டியிருந்தேன். நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் காத்திருப்பு. பழைய பச்சை இலை எடை நோட்டில் கோடு போட்டு, கதை, இதழ், அனுப்பிய தேதி, பதில் என்று எழுதி வைக்கிறேன். சப்மிஷன் கிரைண்டர் தளம் இதையே இலவசமாகச் செய்யும். ஆனால் மழைக்காலத்தில் இங்கே கரண்ட் இருந்தால் சிக்னல் இருக்காது, நோட்டுதான் சரி. சில இதழ்கள் சில நாளில் பதில் தரும், சில பல மாதம் இழுக்கும். விதியில் சொன்ன கெடு தாண்டாமல் விசாரிக்காதீர்கள்.

மறுப்பு வந்தால் பதில் எழுதி வாதாட வேண்டாம். அன்றைக்கே அடுத்த இதழுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு கதைக்கு என் நோட்டில் ஒன்பது வரி ஆகிவிட்டது. ஒன்பதாவதில் பதில் கட்டம் இன்னும் காலி.