குளிரில் பசுமைக்குடில் அமைக்கிறீர்களா?

வாடகைத் தோட்டத் துண்டில் பசுமைக்குடில் நிறுத்த குளிர்காலம் வசதிதான். செடிகள் குறுக்கே நிற்காது. ஆனால் காற்றடிக்கும் நாளில் மட்டும் தொடங்காதீர்கள். பாதி மூடிய குடிலைக் காற்று அப்படியே தூக்கிவிடும்.

அடித்தளம் போட மண் உறைந்திருக்கக் கூடாது. உறைந்த மண் இளகும்போது கீழே இறங்கும், சட்டமும் கோணலாகும். கான்கிரீட் என்றால் வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளுக்குக் காத்திருங்கள். அடிச்சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வரும்வரை மேலே போகாதீர்கள். இங்கே சோம்பல்பட்டால் கடைசியில் கதவு மூடாது.

நட்டுகளை முதலில் கையால் மட்டும் திருகுங்கள். முழுச் சட்டமும் நேராக நின்ற பிறகு ஸ்பேனரை எடுக்கலாம். விரல் மரத்துப்போனால் நட்டு புல்லில் விழும், அப்புறம் கிடைக்காது. கீழே ஒரு பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காதது குடிலை மூடும் பாலிகார்பனேட் (உறுதியான பிளாஸ்டிக்) தகடுதான். குளிரில் அது சுருங்கியிருக்கும். 2 மீட்டர் தகடு, 30 டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். இன்று இடைவெளி இல்லாமல் இறுக்கிப் பொருத்தினால் கோடையில் வளைந்து பிதுங்கும். ஆகவே ஓரத்தில் சற்று இடம் விடுங்கள். புற ஊதாக் காப்புள்ள பக்கம் வெளியே பார்க்கட்டும். எது என்று தகட்டின் மேலுறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். நீர் கசியாமல் அடைக்கும் சிலிகான் பூச்சை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், ஈரமும் உறைபனியும் உள்ள பரப்பில் அது ஒட்டாது.