கடல் முள்ளெலி சாஸ்: அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள்

எண்ணெய் காய்ந்ததும் கடல் முள்ளெலி (உடம்பெல்லாம் முள் கொண்ட உருண்டையான கடல் உயிரி, sea urchin) பேஸ்டைப் போட்டு வதக்காதீர்கள். இதை மட்டும் விட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். முட்டை என்று பலரும் சொன்னாலும், பாட்டிலில் இருப்பது அதன் இனப்பெருக்கச் சுரப்பிதான். ஆண், பெண் இரண்டிலும் ஐந்து மடல்களாக இருக்கும். அதில் புரதம் நிறைய உண்டு, அதிகச் சூடு பட்டால் திரண்டு மணல்மணலாகிவிடும், அந்த இளம் இனிப்பு போய்க் கவிச்சி மட்டும் தூக்கலாக நிற்கும்.

பாஸ்தாவுக்கு என்றால் அது வெந்த நீரில் இரண்டு கரண்டி எடுத்து வைத்து, சற்று ஆறியதும் கிண்ணத்தில் பேஸ்டோடும் கொஞ்சம் வெண்ணெயோடும் சேர்த்துக் கட்டி இல்லாமல் குழையுங்கள். அடுப்பை அணைத்து, வாணலியில் சத்தம் அடங்கியதும் இதை ஊற்றிக் கிளறுங்கள். பாஸ்தாவின் சூடே போதும், சாஸ் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். கிரீம் சேர்ப்பதானாலும் இப்படித்தான், முதலில் கிரீமைக் காய்ச்சி இறக்குங்கள், பேஸ்ட் அப்புறம்.

அடுத்தது உப்பு. ஜப்பானில் உனி என்று சொல்லும் இதைப் பாட்டிலில் அடைக்கும்போது கெடாமல் இருக்க உப்பைத் தாராளமாகவே சேர்க்கிறார்கள். ஃபுகுய் பகுதியின் எச்சிசென் உனி உப்பில் மட்டும் பதப்படுத்தியது, நல்ல கெட்டி, சோற்றோடு துளித்துளியாகத் தொட்டுச் சாப்பிட வேண்டிய பொருள். அதைக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டு, பாஸ்தா வேகும் நீரிலும் வழக்கமான உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. நீரில் உப்பைப் பாதியாக்குங்கள், சாஸ் கலந்து ருசி பார்க்கும் வரை வேறு உப்பு வேண்டாம். ஷிமோனோசெகி ஊர்ப் பாட்டில்களில் மதுவும் கலந்திருக்கும். திறந்ததும் சுருக்கென்று அந்த வாடை அடித்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், இளஞ்சூடான கிரீமிலோ வெண்ணெயிலோ கலந்தால் தணிந்துவிடும்.

வாங்கும்போதே லேபிளைப் படியுங்கள். பொருட்களின் பட்டியலில் பெரும்பாலும் அளவில் அதிகமானது முதலில் வரும். கடல் முள்ளெலி கடைசி வரியில் இருந்தால் அது மணம் ஏற்றிய சாஸ்தான். தப்பில்லை, ஆனால் அதிலிருந்து அசல் பேஸ்டின் அடர்த்தியை எதிர்பார்க்காதீர்கள். உனி கலந்த சோயா சாஸையும் சாதாரண சோயா சாஸ் மாதிரி வறுவலிலும் ஊறவைக்கவும் செலவழிப்பது வீண், டோஃபு மேலோ சூடான சோற்றிலோ கடைசியில் சில துளி விட்டால்தான் அதன் மணம் தெரியும்.

பூண்டு, மிளகாய், பார்மேசான் பாலாடைக்கட்டி மூன்றையும் சேர்த்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பூண்டை லேசாக எண்ணெயில் காட்டி எடுத்துவிடலாம், எலுமிச்சை இரண்டு சொட்டு போதும், பாலாடைக்கட்டி வேண்டவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கடல் முள்ளெலி இறாலோ நண்டோ கிடையாது, அதனால் அவை ஒத்துக்கொள்கிறவர்களுக்கும் இது ஒவ்வாமை தரலாம். சோயா சாஸ் வகையில் சோயாவும், பெரும்பாலும் கோதுமையும் இருக்கும். விருந்தாளிகளிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். கலந்த சாஸ் மீந்தால் மறுபடி சூடாக்கும்போது திரிந்துவிடும், ஆகவே அந்த வேளைக்குத் தேவையானதை மட்டும் குழையுங்கள்.